காரையாற்றுக்கு அக்கரையில்

முதல் நாள்: பாளையங்கோட்டை, விக்கிரமசிங்கபுரம்

விடிகாலை ஐந்தரைக்கு வேனில் முதலில் ஏறியது இரண்டு பிரஷர் குக்கர். ஒன்று சமையலுக்கு, இன்னொன்று பல் எடுக்கும் கருவிகளுக்கு. இரண்டும் ஒரே அளவு என்பதால், கருவிக்கான குக்கர் மூடியில் சிவப்புப் பெயின்டால் பெரிதாக ஒரு பல் வரைந்து வைத்திருக்கிறோம். மலைக்கு மேலே கரண்டை நம்பிப் போக முடியாது. குக்கருக்குள் தண்ணீருக்கு மேலே ஒரு தட்டு வைத்து, துணியில் பொதிந்த கருவிகளை அதில் அடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றெல்லாம் போய் ஆவி சீராக வரத் தொடங்கியதும் வெயிட்டைப் போட்டு, முழு அழுத்தம் ஏறிய பிறகு 30 நிமிடம் விட வேண்டும். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி சூடு. ஆஸ்பத்திரிகளில் இருக்கும் ஆட்டோகிளேவ் செய்வதும் இதே வேலைதான். அடுப்பும் கடிகாரமும் பொறுமையும் இருந்தால் காட்டுக்குள்ளும் சுத்தமான கருவியால் பல் எடுக்கலாம்.

மொத்தம் ஒன்பது பேர். பல் மருத்துவர்களாக நானும் என்னோடு படித்த தோழியும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பொது மருத்துவர் ஒருவர். எங்கள் எல்லாருக்கும் அவர் பெரிய டாக்டர். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு அக்கா, ஒரு நர்ஸ், லேப் அண்ணாச்சி, மருந்து எடுத்துக் கொடுக்க ஒருவர், பயிற்சி மருத்துவர்களாக இருக்கும் இரண்டு பையன்கள். மலைக்கு மேலே இருக்கும் குடியிருப்புகளில் வைத்தியம் பார்க்க, அவரவர் லீவு போட்டு, கைக்காசு போட்டு வருகிறோம். தை முடியும் சமயத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் தேர்ந்தெடுக்கிறோம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், பாதையில் வழுக்கல் குறைந்திருக்கும், அணையில் படகு போகும் அளவுக்குத் தண்ணீரும் கிடக்கும்.

திருநெல்வேலிக்காரர்களுக்குத் தாமிரபரணி என்றால் குறுக்குத்துறை படித்துறை, கரையோர வயல், ஆற்றுத் தண்ணீரின் ருசி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும்வரை சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றின் கரையில் முதல் வீடு யாருடையது என்று நாம் யோசிப்பதில்லை. அது காணி பழங்குடி மக்களுடையது. பாபநாசத்துக்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள், சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, அகஸ்தியர் காணி குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று சின்னச் சின்னக் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். நமக்குக் குடிக்க வரும் தண்ணீர் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் வருகிறது.

வழியில் கல்லிடைக்குறிச்சியில் ஒரு டீ. பகல் முழுக்க விக்கிரமசிங்கபுரத்தில் மருந்து பிரிப்பதிலேயே போனது. ராத்திரி தங்கிய வீட்டில் கருவிகளை எண்ணி வைத்துவிட்டு, போன வருஷத்து நோட்டை எடுத்துப் புரட்டினேன். இஞ்சிக்குழிக்கான பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி: “பெண், வயது 60 இருக்கும். புகையிலை உண்டு. வலது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளைப் படலம், சுரண்டினால் வரவில்லை. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுக்கப்பட்டது.” ஐகிரவுண்டு என்றால் பாளையங்கோட்டையில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அந்த வரிக்கு நேரே ஒரு டிக். கடமை முடிந்தது என்பதற்கு நான் போட்ட டிக். அதற்கப்புறம் அந்தப் பாட்டி என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள்: சின்ன மயிலாறு

பாபநாசம் செக்போஸ்ட்டில் வேனை நிறுத்திச் சோதித்தார்கள். அனுமதிக் கடிதம் முன்கூட்டியே வாங்கியிருந்தோம். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் மேலே போகக் கூடாது. ஆனால் சிரிஞ்சும் கையுறையும் இல்லாமல் நாங்கள் போக முடியாது. அதனால் ஒவ்வொன்றையும் எண்ணி எழுதிக் கொடுத்தோம். இறங்கும்போது அதே எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பது நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்ட சட்டம். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் சிரிஞ்சும் சிவப்புப் பையில், ஊசி முனைகள் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். ஒரே ஒரு ஊசி தவறிக் கீழே விழுந்தாலும் அது ஒரு குரங்கின் கைக்குப் போகும், இல்லையென்றால் வெறுங்காலோடு ஓடும் ஒரு குழந்தையின் பாதத்துக்குப் போகும். இதற்கென்றே ஒரு பையனை நிறுத்தியிருந்தோம். நாள் முழுக்க அவன் வேலை எண்ணுவது மட்டும்தான்.

சொரிமுத்து அய்யனார் கோயிலைத் தாண்டியபோது எல்லாரும் வேனுக்குள்ளிருந்தே ஒரு கும்பிடு போட்டோம். ஆடி அமாவாசைக்குக் கூட்டம் தாங்காத இடம், இன்று குரங்குகளைத் தவிர யாருமில்லை.

சின்ன மயிலாற்றில் ஒரு நீளத் திண்ணை கிடைத்தது. ஆற்றுச் சத்தம் கேட்கும் தூரம். பல் பார்க்க நாற்காலி என்று தனியாக ஒன்றும் இல்லை. உயரமான முதுகு கொண்ட பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலையணையைச் செருகினால் தலை ஆடாது. வெளிச்சத்துக்கு நெற்றியில் கட்டும் டார்ச்.

முதல் வேலை ஊசியும் இல்லை, குறடும் இல்லை. இட்லி. முதல் வருஷம் நாங்கள் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டது இது. டாக்டர் வருகிறார் என்றால் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, அத்தனை பேரும் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தார்கள். பல் எடுத்ததும் மூன்று பேர் வரிசையாக மயங்கி விழுந்தார்கள். இப்போதெல்லாம் சாப்பாட்டுக்கு முந்தின சர்க்கரை பார்க்க வேண்டியவர்களுக்கு லேப் அண்ணாச்சி முதலில் விரலில் குத்திப் பார்த்துவிடுவார். அப்புறம் எல்லாருக்கும் இட்லி, சட்னி. அதற்குப் பிறகுதான் என் நாற்காலி.

தேன் எடுக்கப் போகும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், கீழ்க் கடைவாய்ப்பல்லைக் காட்டினார். மேல்பகுதி முழுக்க உடைந்து, கரும்பாறை போல வேர் மட்டும் நின்றது. எட்டு மாதமாக வலி. கிராம்பு வைத்து, உப்புத்தண்ணீர் கொப்பளித்து, அப்புறம் ஏதோ ஒரு மூலிகை வேர் வைத்துச் சமாளித்திருக்கிறார். “தேனீ கொட்டுனா தாங்கிருவேன் டாக்டரம்மா, இது தாங்கல” என்றார். மரத்துப்போகும் ஊசி போட்டு, கீழுதடு தடித்துப் போச்சா என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகும் இன்னும் ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அவசரப்பட்டால் வலிக்கும். ஒரு முறை வலித்துவிட்டால் அவர் மட்டுமல்ல, அந்த ஊரே அடுத்த வருஷம் வராது. இரண்டு வேரையும் தனித்தனியாக அசைத்து அசைத்துத்தான் எடுக்க முடிந்தது. முக்கால் மணி நேரம். வெளியே வந்த வேரை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிப் பார்த்தார்.

பல் எடுப்பதைவிட, எடுத்த பிறகு சொல்வது முக்கியம். பஞ்சை அரை மணி நேரம் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இன்று முழுக்கத் துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, சூடாகக் குடிக்கக் கூடாது. குழியில் உறையும் ரத்தம்தான் அந்தப் புண்ணுக்கு மூடி. துப்பினால் மூடி கழன்றுவிடும், எலும்பு திறந்து கிடக்கும், மூன்றாம் நாள் உயிர் போகிற வலி வரும். வெற்றிலை போடுகிறவரிடம் துப்பாதே என்று சொல்வது லேசுப்பட்ட காரியமா? அதனால் வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் சொல்கிறோம். பொறுப்பை அவர் எடுத்துக்கொள்கிறார்.

குழந்தைகளுக்குப் பல் பிடுங்கும் வேலையைக் கூடியமட்டும் தவிர்க்கிறோம். மிஷின் இல்லாமல், கரண்ட் இல்லாமல் சொத்தையை அடைக்க ஒரு முறை உண்டு. 1980களின் நடுவில் தான்சானியாவில் செய்து பார்த்து உலகம் முழுக்கப் பரவிய முறை. குட்டிக் கரண்டி போன்ற கருவியால் மெத்தென்று ஆகிவிட்ட சொத்தையைக் கையாலேயே வழித்து எடுத்துவிட்டு, பொடியையும் திரவத்தையும் குழைத்த கிளாஸ் அயனோமர் சிமெண்டை வைத்து, வாசலின் தடவிய விரலால் அழுத்த வேண்டும். பெரும்பாலும் ஊசி தேவைப்படாது. அந்தச் சிமெண்டிலிருந்து ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பல்லைக் காக்கும். ஒரு சிறுமி, இரண்டாம் வகுப்பு, என் விரல் அவள் வாயில் இருக்கும்போதே எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். விரலை எடுத்த பிறகு கேட்டேன். “எங்க அண்ணனுக்கும் இருக்கு, அவன் ஒளிஞ்சிருக்கான்” என்றாள். பிறகு அவளே போய் இழுத்து வந்தாள்.

பெரியவர்கள் பலருக்குப் பல்லின் கழுத்தில், ஈறுக்கு மேலே, கோடாலியால் வெட்டின மாதிரி பள்ளம். செங்கல் பொடி, அடுப்புக்கரி வைத்து அழுத்தி இடம்வலமாகத் தேய்த்த தேய்ப்பு. கரியை விடச் சொன்னால் வேறென்ன வைத்துத் தேய்ப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பிரஷ் தருகிறோம், அது மூன்று மாதத்தில் தேயும். அதற்குப் பிறகும் செய்யக் கூடிய யோசனையாகச் சித்த மருத்துவ அக்கா சொன்னார்: வேப்பங்குச்சியை நன்றாக மென்று நார்நாராக்கி, மேலிருந்து கீழாக மட்டும் மெதுவாகத் தேயுங்கள். அவர் சொன்னால் காதில் ஏறுகிறது. பொதிகையும் அகத்தியரும் மூலிகையும் அவர்களுக்கு வீட்டுப் பேச்சு. குடியிருப்பின் வைத்தியரைப் ‘பிலாத்தி’ என்பார்கள். ஒருவர் வந்து அக்காவோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். எங்களில் யாரைவிடவும் அந்த அக்கா அன்றைக்கு அதிகமாகக் கற்றுக்கொண்டிருப்பார்.

பெரிய டாக்டரிடம் வந்தவர்களில் ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். ஒருவருக்கு 190/110. அவர் பல் எடுக்கத்தான் வந்திருந்தார். இன்றைக்கு வேண்டாம், முதலில் மாத்திரை என்று பெரிய டாக்டர் நிறுத்திவிட்டார். ஒரு மாத மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்தால் அடுத்த மாதம் யார் கொடுப்பது? 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். அதில் பெயர் இல்லாதவர்களைத் தனியாக எழுதி, அந்தப் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் நேரிலேயே கொடுப்பது என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் நாள்: இஞ்சிக்குழி

காரையாறு அணையின் உயரம் 143 அடி. நீர்மட்டம் எத்தனை என்று பேப்பரில் தினமும் பார்க்கிற எண்தான். அந்த எண்ணுக்கு அக்கரையில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனசில் உறைக்கிறது. காலை ஏழு மணிக்கு இரண்டு நடையாக ஆட்களும் பெட்டிகளும் போனோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. மலை அப்படியே தலைகீழாகத் தெரிந்தது. படகோட்டி அண்ணன் பேச்சே இல்லாமல் ஓட்டினார்.

அக்கரையில் இறங்கி நடை. கருவிப்பெட்டி, மருந்து, குக்கர் எல்லாம் தலையிலும் முதுகிலும். கூட்டிப்போக வந்திருந்த காணி இளைஞர்கள் இருவர் எங்கள் சுமையில் பாதியை வாங்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசியும் அட்டை ஏறியது. பாதை நெடுக ஈத்தைக் காடு. யானை போன தடம் புதிதாக இருந்த இடத்தில் கால் மணி நேரம் நிற்கச் சொன்னார்கள், நின்றோம்.

நிற்கும்போது பெரிய டாக்டர் பையன்களுக்குப் பாம்புக்கடி பற்றிச் சொன்னார். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மேற்குத் தொடர்ச்சி மலையில் மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன் ஒன்று உண்டு, அதன் விஷத்துக்கு இது கேட்காது. அப்படிக் கடிபட்டவரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ரத்தம் உறைகிறதா, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் காப்பாற்ற முடியும். “இங்கேயிருந்து உடனேன்னா எவ்வளவு நேரம்?” என்று ஒரு பையன் கேட்டான். பெரிய டாக்டர் பதில் சொல்லவில்லை, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

இஞ்சிக்குழியில் வீடுகள் கொஞ்சம்தான், அதுவும் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. மூட்டுக்காணி வாசலில் பாய் விரித்து வைத்திருந்தார். ஊர்த் தலைவரை அவர்கள் அழைக்கும் பெயர் அது. வந்ததும் அவித்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும். வைத்தியம் பார்க்க வந்தவர்களுக்கு அவர்கள் முதலில் சோறு போடுகிறார்கள்.

முதல் ஆளே இருபத்திரண்டு வயசுப் பையன். பல்லில் குறை எதுவும் இல்லை, காரம் பட்டால் வாய் எரிகிறது என்றான். உன் விரல் மூன்றையும் சேர்த்து நெட்டுக்குத்தாக வாய்க்குள் விடு என்றேன். நல்ல வாயில் மூன்று விரல் தாராளமாகப் போகும். அவனுக்கு இரண்டே கஷ்டம். கன்னத்தின் உள்பக்கத்தைத் தடவினால் பட்டை பட்டையாக நார் இறுகிக் கிடந்தது. பாக்கு செய்கிற வேலை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. புகையிலை கலந்த பாக்குப் பொட்டலத்துக்குத் தமிழ்நாட்டில் 2013இலேயே தடை வந்தது. ஆனாலும் கீழே வேலைக்குப் போகும் இடத்தில் கிடைக்கிறது என்றான். இறுகின நார் பழையபடி இளகாது. ஆனால் இன்றைக்கு நிறுத்தினால் மேற்கொண்டு இறுகாமல் தடுக்க வாய்ப்பு இருக்கிறது, வாயைத் திறக்கும் பயிற்சியும் கைகொடுக்கும். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் வைத்து, வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டச் சொல்லிக் காட்டிக்கொடுத்தேன். கையிலிருந்த பொட்டலத்தை அவனாகவே எடுத்து எங்கள் மஞ்சள் பையில் போட்டான்.

நான் அவனிடம் பேசிக்கொண்டே பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு மணிக்கு அந்தப் பாட்டி வந்தார். கையில் ஒரு மூங்கில் குழாய். மருமகள் பிடித்துக்கூட்டி வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், அடையாளம் தெரிந்திருந்தது. “எப்படி இருக்கீங்க பாட்டி, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?” என்று கேட்டேன்.

பாட்டி மூங்கில் குழாயின் மூடியைத் திறந்தார். உள்ளே சுருட்டிய வாழைச்சருகு. அதற்குள் ஒரு துணி. துணிக்குள் நான் எழுதிக் கொடுத்த சீட்டு. ஒரு மடிப்புக்கூடக் கிழியவில்லை, ஒரு சொட்டு ஈரம் படவில்லை. “பத்திரமா வச்சிக்கிடுங்கன்னு சொன்னீங்கல்லா மக்கா? வச்சிருக்கேன்” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். சீட்டை நீட்டி, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். எங்கே போக வேண்டும், எந்த பஸ், யாரைப் பார்க்க வேண்டும், எதற்காகப் போக வேண்டும், எதையும் சொல்லவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவர் என் சீட்டைக் காப்பாற்றியிருக்கிறார். அவரை நான் காப்பாற்றவில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். போன வருஷம் வெள்ளையாக மட்டும் இருந்த இடத்தில் இப்போது நடுவில் சிவப்பாக ஒரு புண், ஓரம் தடித்திருந்தது. விரலால் தொட்டால் அடியில் கெட்டி. எத்தனை நாளாக என்றால், மிளகு பூத்த காலத்திலிருந்து என்றார். இரண்டு வாரத்தில் ஆறாத எந்த வாய்ப்புண்ணையும் சதையெடுத்துச் சோதிக்க வேண்டும். இது மாதக்கணக்கு. தாடைக்குக் கீழே நெரிகட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கைக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த தெம்பு.

நாளைக்கே என்னோடு வாருங்கள் என்றேன். மாட்டேன் என்றார். முற்றத்தில் மிளகு காய்கிறது. அதைப் பார்க்காமல் போட்டுவிட்டு வந்தால் வருஷத்துக் காசு போச்சு. இந்த இடத்தில் போன வருஷமாக இருந்தால் நான் உடம்பு முக்கியமா மிளகு முக்கியமா என்று கேட்டிருப்பேன். இந்தத் தடவை மூட்டுக்காணியைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். மிளகைக் காயவைத்து அள்ளிக் கட்டுவது அவர் பொறுப்பு என்று சொன்னார். மருமகள் கூட வருவது, அவருடைய குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுவது, காலையில் படகு, படகிலிருந்து எங்கள் வேன், திரும்பி வர பஸ்ஸுக்குப் பணம், அணைக்கு வந்த பிறகு யார் படகைக் கூப்பிடுவது என்று ஒவ்வொன்றாகப் பேசினோம். எல்லாம் பேசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றைக்கு நான் எடுத்த பல் நான்குதான். அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நான் செய்த வைத்தியமாக நினைக்கிறேன்.

ராத்திரி நோட்டில் ஒரு கோடு புதிதாகப் போட்டேன். சீட்டு கொடுத்தோமா என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், போய்ச் சேர்ந்தாரா என்று இன்னொரு கட்டம். பழைய பக்கங்களுக்கும் போட்டேன். பதினேழு கட்டம் காலியாக நின்றது.

நான்காம் நாள்: சேர்வலாறு

காலைப் படகிலேயே பாட்டியும் மருமகளும் எங்களோடு வந்துவிட்டார்கள். பாட்டி அணைக்கு இக்கரை வந்து இரண்டு வருஷமாகிறதாம். இன்றைய கேம்ப் சேர்வலாற்றில். கூட்டம் குறைவு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் பார்த்ததில் 12க்குக் கீழே நிறையப் பேர், அதில் இரண்டு கர்ப்பிணிகள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக் கூடாது என்று நர்ஸ் அக்கா ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொன்னார். பல்லைப் பொறுத்தவரை நேற்று, முந்தாநாள் கதைதான்.

பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, பல் எடுக்கப் பயந்து நின்ற பெண்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர்களுடைய தமிழில் மலையாளச் சாயல் உண்டு, வேகமாகப் பேசினால் எனக்குப் பாதிதான் புரியும். என்ன சொன்னாரோ, ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

சாயங்காலம் செக்போஸ்ட்டில் பையன் கணக்கை ஒப்படைத்தான். எல்லாம் சரி, ஒரு ஊசி மூடி மட்டும் குறைந்தது. வேனை ஓரமாக நிறுத்திப் பெட்டியெல்லாம் கவிழ்த்துத் தேடி, கடைசியில் என் கோட்டுப் பையிலிருந்து எடுத்தோம்.

ஐந்தாம் நாள்: ஐகிரவுண்டு

காலை ஆறு மணிக்கு விக்கிரமசிங்கபுரத்திலிருந்து புறப்பட்டோம். மற்றவர்கள் வீட்டுக்கு, நானும் பாட்டியும் மருமகளும் ஆஸ்பத்திரிக்கு. அம்பாசமுத்திரம் தாண்டியதும் பாட்டி ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஒவ்வோர் ஊராகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். வழியில் ஆறு தெரிந்த இடங்களில் எல்லாம் இது நம்ம ஆறுதானா என்று கேட்டார். ஆமா பாட்டி, உங்க வீட்டுத் தண்ணிதான் என்றேன்.

ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்திலிருந்து நான் கூடவே நின்றேன். பல் பிரிவில் இருந்த டாக்டர் புண்ணைப் பார்த்தார், அன்றைக்கே சதையெடுத்துவிடலாம் என்றார். மரத்துப்போகும் ஊசி போட்டு, புண்ணும் நல்ல சதையும் சேரும் ஓரத்திலிருந்து ஒரு அரிசி அளவு. அதை ஃபார்மலின் பாட்டிலில் போட்டுப் பெயர் எழுதி ஒட்டினார்கள். இரண்டு தையல். பாட்டி கண்ணை மூடவேயில்லை, மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். வலித்ததா என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, உள்ளே கிடந்த போயிலைத் துண்டை எடுத்து மருமகள் கையில் கொடுத்தார். மருமகள் என்னைப் பார்த்தார். நான் குப்பைத்தொட்டியைக் காட்டினேன்.

ரிசல்ட் வர பத்து நாள் ஆகலாம் என்றார்கள். பதினோராம் நாள் திங்கட்கிழமை. அன்றைக்குப் படகோட்டி அண்ணன் காலை ஏழு மணிக்கு வந்து கூப்பிடுவார், அவரிடம் நேற்றே சொல்லியாகிவிட்டது. காரையாற்றில் பஸ் ஏறினால் பாபநாசத்தில் எங்கள் மருந்தாளர் நிற்பார். ஆஸ்பத்திரி வாசலில் நான் நிற்பேன். இதையெல்லாம் மருமகளிடம் இரண்டு தடவை சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டேன். முடிவு எப்படி இருந்தாலும் அன்றைக்கே அடுத்த வைத்தியத்தைப் பேசிவிட வேண்டும் என்று டாக்டரிடமும் சொல்லி வைத்தேன்.

புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் சீட். வாயில் பஞ்சு இருந்ததால் பாட்டி அதுவரை பேசாமல் வந்தார். பஸ் கிளம்பும் நேரத்தில் பஞ்சை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த புதுச் சீட்டை ஜன்னல் வழியாகத் தூக்கிக் காட்டினார்.

“மக்கா, இதைப் பத்திரமா வைக்கணுமா, கொண்டு வரணுமா?”

“கொண்டு வரணும் பாட்டி. திங்கட்கிழமை.”

“திங்கட்கிழமை” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு, சீட்டை மூங்கில் குழாய்க்குள் விட்டு மூடினார்.